செட்டோ உள்கடல்: சிவந்த நீரின் கரைவழியே

தகமாட்சுவிலிருந்து கிழக்கே தொகுஷிமாவை நோக்கிப் போகும் ரயில், ககாவா மாநில எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன் ஹிகெத்தா என்ற சிறிய துறைமுக ஊரில் நிற்கிறது. சோயா சாஸ் காய்ச்சும் பழைய பட்டறை, தாழ்ந்த ஓட்டுக்கூரைகள், அவற்றுக்கு அப்பால் ஹரிமா நாடா எனப் பெயர் கொண்ட கடற்பரப்பு. ஹொன்ஷு, ஷிகொகு, கியூஷு ஆகிய மூன்று பெருந்தீவுகளுக்கு நடுவே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் செட்டோ உள்கடலின் கிழக்குப் பகுதி இது. உள்கடலின் சராசரி ஆழம் 38 மீட்டர்தான். வெளிக்கடலோடு அதைச் சேர்ப்பவை சில குறுகிய நீரிணைகள். எழுநூறுக்கு மேற்பட்ட தீவுகள் அதற்குள் சிதறிக் கிடக்கின்றன. அதில் வந்து விழும் ஆறுகளின் படுகையில் சுமார் 3 கோடி மக்கள் வாழ்கிறார்கள். ஒரு கடல் எப்படிக் கெடுகிறது, கெட்ட பின் எந்த அளவுக்கு மீள்கிறது என்ற இரண்டுக்கும் அரை நூற்றாண்டுக் கணக்கு வைத்திருக்கும் கடல்கள் உலகில் அதிகம் இல்லை. ஹிகெத்தாவில் தொடங்கி ஒசாகா வளைகுடா வரை கரையை ஒட்டிப் போனால் அந்தக் கணக்கை ஊர் ஊராகப் பார்க்கலாம். பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: கடலைச் சிவக்க வைக்கும் நுண்பாசிப் பெருக்கின் காரணம் பெரும்பாலும் நிலத்தில்தான் இருக்கிறது. ஆற்றோடு கலந்து வரும் சத்து அதில் ஒரு பாதி, நாம் அழித்த கரை மறுபாதி. முதல் பாதியை ஜப்பான் பெருமுயற்சி செய்து திருத்தியது. மறுபாதியைத் திருத்தாமல் விட்டதால்தான் இன்று அந்தக் கடலைப் பற்றி ஒரு புதிய குழப்பம் எழுந்திருக்கிறது.

ஹிகெத்தாவின் அடோ குளம் கடலோடு இணைந்த ஓர் உப்புநீர்க் காயல். 1928-ல் நோவாமி வசபுரோ என்பவர் இங்கேதான் ஹமாச்சி மீனைக் குஞ்சிலிருந்து வளர்த்து விற்கும் தொழிலை நிலைநிறுத்தினார். ஜப்பானியக் கடல்மீன் வளர்ப்புக்கு இதுவே பிறந்த வீடு. போருக்குப் பின் தொழில் காயலைத் தாண்டி வெளியே வந்து, வலைக்கூண்டுகளாக ஹரிமா நாடாவில் பரவியது. 1972 கோடையில் அந்தக் கூண்டுகளில் 1 கோடியே 40 லட்சம் ஹமாச்சிகள் செத்து மிதந்தன. இழப்பு 710 கோடி யென். கொன்றது சாட்டனெல்லா என்னும் நுண்பாசி. அதில் பெரிய செல்லே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் நீரில் அப்படிச் சில நூறு செல்கள் சேர்ந்துவிட்டால் ஹமாச்சி தாங்காது. செவுளின் மெல்லிய இழைகள் சிதைந்து, கோழை கட்டி, நீரில் ஆக்சிஜன் இருக்கும்போதே மீன் மூச்சு முட்டிச் சாகிறது. சுதந்திரமாகத் திரியும் மீனுக்கு விலகி ஓட வழி உண்டு. கூண்டு மீனுக்கு அதுவும் இல்லை.

இந்தப் பாசி வெல்லும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காரணத்தைப் பற்றிய வழக்கு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. குளிர்காலத்தைச் சாட்டனெல்லா கடலடிச் சேற்றில் உறங்கும் வித்தாகக் கழிக்கிறது. அடிநீர் சூடேறும் முன்கோடையில் வித்து முளைக்கிறது. அப்போது மேல்நீர் சூடாகி, கீழே கிடக்கும் குளிர்ந்த நீரோடு கலக்காமல் தனி அடுக்காகிவிடும். மேலடுக்கில் இருக்கும் சத்தை டயட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசிகள் விரைவாகத் தின்று தீர்க்கின்றன. தீர்ந்ததும் அவற்றால் கீழே போய்த் தேட முடியாது. நீந்தத் தெரியாத அவை மூழ்கி அடியில் படிகின்றன. சாட்டனெல்லாவுக்கோ நீந்தும் இழைகள் உண்டு. பகலில் வெளிச்சத்துக்கு ஏறி, இரவில் சத்து தேங்கிய அடியடுக்குக்கு இறங்குகிறது. மாடியில் வெயிலும் கீழ்த்தளத்தில் சோறும் உள்ள வீட்டில் படியேறத் தெரிந்தவன்தான் பிழைப்பான். ஆகவே இந்தப் பாசி பெருக இரண்டு நிபந்தனைகள் ஒருங்கே வேண்டும்: நீர் அடுக்கடுக்காக அசையாமல் நிற்க வேண்டும், அடியில் தீராத சத்து இருக்க வேண்டும். முதலாவதைக் கோடைக்காலம் தருகிறது. இரண்டாவதைத் தந்தவர்கள் மனிதர்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும், அதாவது நம் உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து என்று மூட்டை கணக்கில் வாங்கும் அதே பொருள்கள், 1950-களுக்குப் பிறகு தொழிற்சாலைக் கழிவாகவும் நகரச் சாக்கடையாகவும் சலவைத்தூளாகவும் வயல் உரமாகவும் இந்த ஆழமற்ற கடலில் கொட்டின. மூழ்கிச் செத்த பாசி அடியில் அழுகும்போது அங்கே ஆக்சிஜன் தீர்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த சேறு, தான் பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸை மறுபடி நீருக்கே விட்டுவிடுகிறது. ஒரு வருடத்துக் கழிவு அடுத்த வருடமும் வேலை செய்வது இப்படித்தான்.

கடல் சிவப்பது இயற்கை, அது எக்காலத்திலும் இருந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 797-ல் தொகுக்கப்பட்ட ஷொகு நிஹோங்கி என்ற அரசு வரலாற்று ஏட்டில், 731-ஆம் ஆண்டு கீ நாட்டுக் கடல்நீர் இரத்தம் போல மாறி ஐந்து நாள் கழித்துத் தெளிந்தது என்ற குறிப்பு இருக்கிறது. கீ என்பது இந்த உள்கடலின் கிழக்கு வாயிலை ஒட்டிய நிலம்தான். அப்போது அங்கே சலவைத்தூளும் இல்லை, ரசாயன ஆலையும் இல்லை. மன்னார் வளைகுடாவில் 2019-ல் நீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்குக் காரணமான நாக்டிலூகாவும் வேறு குணம் கொண்ட உயிர். காற்றும் நீரோட்டமும் அதை ஒரு விரிகுடாவில் கொண்டுவந்து குவிக்க முடியும். எல்லா நிறமாற்றத்துக்கும் ஒரே குற்றவாளியைக் காட்டுவது தவறு. ஆனால் ஓர் உயிர் இயற்கையில் இருக்கிறது என்பதும், அது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை கடலை மூடுகிறது என்பதும் ஒன்றல்ல. ஐந்து நாள் சிவந்த நீரை அரசு ஏட்டில் எழுதி வைத்தார்கள் என்றால், அது எழுதி வைக்கும் அளவுக்கு அரிதாக இருந்தது என்றே பொருள். 1976-ல் செட்டோ உள்கடலில் பதிவான செந்நீர் நிகழ்வுகள் 299.

தகமாட்சுவுக்குத் திரும்பி, ஒகயாமா ரயிலில் செட்டோ பெரும்பாலத்தைக் கடந்தால் அந்த எண்ணிக்கையின் பின்னணி கண்ணுக்குத் தெரிகிறது. 1988-ல் திறந்த இந்தப் பாலத்தில் மேல்தளம் சாலைக்கு, கீழ்த்தளம் ரயிலுக்கு. ஜன்னலுக்குக் கீழே தீவுகள், கப்பல்கள், சுழித்தோடும் நீர். வடகரையை நெருங்கும்போது மேற்கே மிசுஷிமாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உருக்காலையும் வரிசையாக நிற்கின்றன. 1934-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காக்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட கடலின் ஓரம் இது. அதே கரையின் ஆழமற்ற மேடுகளைத் தூர்த்துத்தான் இந்த ஆலைகளுக்கு நிலம் உண்டாக்கினார்கள். ஹமாச்சி செத்த மறு ஆண்டு, 1973-ல், ஜப்பானிய நாடாளுமன்றம் இந்த ஒரு கடலுக்கென்று தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தொழிற்சாலைகள் கடலில் விடும் கரிமக் கழிவின் அளவை 1972-ல் இருந்ததில் பாதியாக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 1978-ல் அது நிரந்தரச் சட்டமானது, பாஸ்பரஸும் கணக்கில் வந்தது. பின்னர் நைட்ரஜனும் சேர்ந்தது. சட்டம் மட்டும் இதைச் செய்யவில்லை. 1977-ல் ஒசாகாவின் குடிநீர் ஆதாரமான பீவா ஏரியே பாசியால் நிறம் மாறியபோது, ஷிகா மாநிலத்துக் குடும்பப் பெண்கள் பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளை விட்டுச் சோப்புக்கு மாறும் இயக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 1979-ல் ஷிகா அந்தத் தூளுக்குத் தடை விதிக்கும் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. பீவாவின் நீர் யோதோ ஆறாக ஓடி ஒசாகா வளைகுடாவில்தான் கலக்கிறது. ஏரிக்கரைச் சமையலறையில் எடுத்த முடிவு கடலுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் மதிப்புக்குரிய பகுதி இதுதான்.

விளைவு வந்தது, ஆனால் உடனே வரவில்லை. சட்டம் 1973-ல், உச்சம் 1976-ல். நடுவில் மூன்று ஆண்டுகள் நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. சேற்றில் சேர்ந்திருந்த பழைய சத்து வெளிவந்து தீர வேண்டியிருந்தது. அந்த மூன்று ஆண்டில் சட்டம் பயனற்றது என்று கைவிட்டிருந்தால் இன்று சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது. 1980-களின் பிற்பகுதிக்குள் ஆண்டு எண்ணிக்கை நூறு அளவுக்கு இறங்கி அங்கே நின்றது. நிலத்திலிருந்து வரும் சத்தைக் குறைத்தால் பாசிப் பெருக்கு குறையும் என்பதற்கு இவ்வளவு பெரிய கடலில் இவ்வளவு தெளிவான சான்று வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. மீன் வளர்ப்பவர்களே அரைத்த மத்தி மீனை இரையாகக் கொட்டித் தங்கள் கடலைக் கெடுத்துக்கொண்டார்கள் என்ற வாதம் அன்றே எழுந்தது. கூண்டுகளுக்கு அடியிலுள்ள சேற்றை மிச்ச இரை கெடுத்தது உண்மைதான், இரையின் வகையையும் கூண்டின் நெருக்கத்தையும் பின்னால் மாற்றவும் செய்தார்கள். ஆனால் ஹமாச்சிக் கூண்டு இல்லாத விரிகுடாக்களிலும் நீர் சிவந்தது. கூண்டுகள் இருந்துகொண்டே இருக்க, ஆலையையும் சாக்கடையையும் கட்டுப்படுத்தியபோது எண்ணிக்கை இறங்கியது. ஹரிமா நாடாவின் மீன் வளர்ப்பாளர்கள் அரசையும் ஆலைகளையும் நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, வழக்கு தீர்ப்பில் முடியாமல் சமரசத்தில் முடிந்தது. கடலின் பதிவேடு அவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

மீதமிருக்கும் அந்த நூறு எதனால் என்பது கடினமான கேள்வி. 1998-ல் ஹிரோஷிமா விரிகுடாவின் சிப்பித் தெப்பங்களை ஹெடரோகாப்சா என்ற வேறொரு பாசி தாக்கி 390 கோடி யென் இழப்பு வந்தது. அது மீனை விட்டுவிட்டுச் சிப்பியைக் கொல்வது. ஜப்பானில் முதலில் 1988-ல் கோச்சி மாநிலத்தின் உரனோவுச்சி விரிகுடாவில் காணப்பட்டது. ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும் சிப்பிகளோடு அது பயணம் செய்ய முடியும். இதைக் கழிவுநீர்ச் சட்டத்தால் பிடிக்க முடியாது. கடல் சூடாகிக்கொண்டிருப்பதும் உண்மை. கோடை நீண்டால் நீர் அடுக்குகள் நெடுநாள் குலையாமல் நிற்கும், சாட்டனெல்லாவுக்கு அது வசதி. 2010-ல் கியூஷுவின் யத்சுஷிரோ கடலில் அதே பாசி 500 கோடி யென்னுக்கு மேல் மீனைக் கொன்றது. வெப்பம்தான் காரணம் என்றால் கழிவைக் குறைத்து என்ன பயன் என்று இதை வைத்து வாதிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. வெப்பம் பாசிக்கு வாய்ப்பைத்தான் தருகிறது, உணவைத் தருவதில்லை. வாய்ப்பை ஒரு மாநில அரசோ ஒரு மீனவர் சங்கமோ தடுக்க முடியாத காலத்தில், அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே பொருளான உணவை இன்னும் கவனமாக அளந்தாக வேண்டும்.

ஒகயாமாவிலிருந்து அகோ பாதையில் கிழக்கே போகும் ரயில் ஹினாசே நிலையத்தில் நின்றால், நடைமேடையிலிருந்து சில அடி தூரத்தில் படகுத்துறை. இந்த ஊர் மீனவர்கள் கரையோரத்தில் வலை கட்டி நிறுத்தி மீன் பிடித்தவர்கள். மீன் குறைந்ததற்குக் காரணத்தை அவர்கள் நீரின் நிறத்தில் தேடவில்லை, கீழே மறைந்துபோன கடற்புல்லில் தேடினார்கள். ஒருகாலத்தில் ஹினாசேயைச் சுற்றி 590 ஹெக்டேர் கடற்புல் இருந்தது. 1980-களின் நடுவில் மிஞ்சியது 12 ஹெக்டேர். 1985-ல் விதை சேர்த்துத் தூவத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரிந்த பலன் இல்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. முப்பது ஆண்டில் பரப்பு 250 ஹெக்டேர் அளவுக்கு மீண்டது. கடற்புல் மீன்குஞ்சுக்குத் தொட்டில் என்பது எல்லாக் கடற்கரையிலும் மீனவர் அறிந்ததுதான். சாட்டனெல்லா போன்ற பாசிகளைக் கொல்லும் பாக்டீரியாக்கள் அந்தப் புல்லின் இலைகள் மேல் ஏராளமாக வாழ்கின்றன என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னால் கண்டறிந்தார்கள். அதாவது செந்நீருக்கு எதிரான காவலர்களில் ஒரு பங்கினர் கரையில்தான் குடியிருந்தார்கள். புல்வெளியையும், வற்றத்தில் வெளித்தெரியும் சேற்றுத்திட்டையும் தூர்த்து ஆலையும் துறைமுகமும் கட்டியபோது, கழிவைக் கொட்டிய அதே கை காவலையும் அகற்றியது. மட்டி, சிப்பி, நண்டு, புழு என்று சத்தைத் தின்று மீனாக மாற்றி மேலே அனுப்பும் கூட்டம் முழுவதும் அந்த ஆழமற்ற விளிம்பில்தான் வாழ்ந்தது. அவை இல்லாத கடலில் வந்து சேரும் சத்துக்கு எஞ்சிய வழி பாசியாவதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஹ்யோகோ மாநிலக் கரைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே கேட்கும் குறை முற்றிலும் எதிர்மாறானது. அகாஷி நீரிணையை ஒட்டிக் குளிர்காலத்தில் நோரி என்ற உணவுக் கடற்பாசியை வளர்க்கும் வலைகள் கடலில் விரிகின்றன. கறுத்து மின்ன வேண்டிய நோரி, பல ஆண்டுகளாக நைட்ரஜன் போதாமல் வெளிறி, விலை போகாமல் போகிறது. குளிர்காலத்தில் பெருகும் யூகாம்பியா என்ற பெரிய டயட்டம், இருக்கும் கொஞ்ச நைட்ரஜனையும் நோரிக்கு முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. வசந்தத்தில் இங்கே வீட்டுக்கு வீடு சோயா சாஸும் சர்க்கரையும் இட்டுச் சுண்டக் காய்ச்சும் இகனாகோ என்ற சிறுமீனும் அருகிவிட்டது. கடலை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மீனவர்கள் சொன்னார்கள். அரசு கேட்டது. 2015-ல் செட்டோ சட்டத்தைத் திருத்தி, தூய்மையோடு வளமும் குறிக்கோள் என்று எழுதினார்கள். ஹ்யோகோ 2019-ல் கடல்நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று தனக்கென வரம்பு வகுத்தது: லிட்டருக்கு 0.2 மில்லிகிராமும் 0.02 மில்லிகிராமும். 2021-ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, மாநிலங்கள் சத்தைத் திட்டமிட்டுக் கடலுக்கு விட அனுமதி கிடைத்தது. குளிர்காலத்தில் சில கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நைட்ரஜனை முழுதாக அகற்றாமல் விடுகின்றன. உழவரும் மீனவரும் சேர்ந்து ஏரிகளைத் திறந்து, அடிவண்டலைக் கலக்கிக் கடலுக்கு அனுப்பும் வேலையும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பாசனக் குளங்கள் கொண்ட மாநிலம் அது. குளம் தூர்வாரும் பழைய வழக்கத்துக்குக் கடற்கரையில் ஒரு புதுப் பயன் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் 1973-ன் சட்டம் தவறா? சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். கழிவைக் கட்டுப்படுத்த விரும்பாத வேறு நாட்டுக்காரர்களும் இந்த ஊர்க் கதையை எடுத்துக்காட்டக்கூடும். நான் அந்த மீனவர்களின் குறையை முழுமையாக நம்புகிறேன், அதிலிருந்து எடுக்கும் அந்த முடிவை நம்பவில்லை. நோரியின் வெளிறலுக்கு நைட்ரஜன் குறைவே நேரடிக் காரணம். குளிர்காலத்தில், நீர் மேலும் கீழும் நன்றாகக் கலந்திருக்கும் போது, அளந்து விடும் சத்து நோரிக்குப் போகும். கோடையில் அடுக்கு கட்டிய நீரில் சாட்டனெல்லாவுக்கு விருந்து வைப்பதும் இதுவும் வேறு வேறு. ஆனால் மீன் குறைந்ததற்கு நைட்ரஜனை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. இகனாகோ மணலுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும் மீன். கான்கிரீட்டுக்காக உள்கடலின் அடிமணலைப் பல பத்தாண்டுகள் அள்ளியிருக்கிறார்கள். ஹிரோஷிமா 1998-லும் ஒகயாமா 2003-லும் ககாவா 2005-லும்தான் அதை நிறுத்தின. சேற்றுத்திட்டும் கடற்புல்லும் போன பிறகு, முன்பு சத்தை மீனாக மாற்றிய படிகள் இல்லை. அந்தப் படிகள் இருந்த காலத்தில் இதே கடலில் செந்நீர் அரிதாக இருந்தது, வறுமையும் இல்லை. படிகள் போனபின் சத்து மிகுந்தால் சிவக்கிறது, குறைந்தால் பசிக்கிறது, நடுவில் நிற்க இடம் இல்லை.

இதற்கு மறுக்க முடியாத சான்று பயணத்தின் கடைசிப் பகுதியான ஒசாகா வளைகுடாவில் இருக்கிறது. அகாஷிக்கும் சுமாவுக்கும் நடுவே கடலை உரசிக்கொண்டு ஓடும் ரயில் கோபேயைத் தாண்டியதும் கடலைக் காணவில்லை. கிடங்குகள், கொள்கலன் முற்றங்கள், தூர்த்துச் செய்த தீவுகள், அவற்றின் நடுவே கால்வாயாகச் சுருங்கிய நீர். ஒசாகா கரையில் இயற்கையானது என்று சொல்லத்தக்க பகுதி அனேகமாக எதுவும் மிஞ்சவில்லை. சத்துப் பஞ்சம் என்று ஹரிமா நாடா முறையிடும் அதே ஆண்டுகளில், சில பத்து கிலோமீட்டர் தள்ளி இந்த வளைகுடாவின் உள்மூலையில் சத்து தேங்கி, கோடைதோறும் அடிநீரில் ஆக்சிஜன் தீர்கிறது. வசந்தத்தில் அலெக்சாண்ட்ரியம் என்ற பாசி பெருகும்போது, கரையில் மட்டி பொறுக்கித் தின்ன வேண்டாம், நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கும் என்று மாநில அரசு மக்களை எச்சரிக்கிறது. ஒரே சட்டம், ஒரே உள்கடல், ஒரே நீரோட்ட அமைப்பு, ஆனால் ஒரு மூலையில் மிகுதி, மறு மூலையில் பற்றாக்குறை. இரண்டையும் நிலத்திலிருந்து வரும் மொத்த அளவைக் கூட்டியோ குறைத்தோ ஒரே நேரத்தில் தீர்க்க முடியாது. நீர் ஓட முடியாதபடி கரையை மடக்கிய இடத்தில் சத்து சிக்கிக்கொள்கிறது. சிக்கியது வெளியே பரவ வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

ஒசாகாவை விட்டு விமானத்தில் போகிறவர்களுக்கு வளைகுடாவின் தென்பகுதியில் 1994-ல் திறந்த கான்சாய் விமான நிலையத் தீவு இருக்கிறது. அதுவும் கடலைத் தூர்த்ததுதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் முதல் தீவின் கடற்சுவரில் பெரும்பகுதியை நேர்குத்தான கான்கிரீட்டாகக் கட்டாமல், கற்களைச் சரிவாக அடுக்கிக் கட்டினார்கள். வெளிச்சம் எட்டும் அந்தச் சரிவில் கடற்பாசிக் காடு முளைத்தது, மீனும் வந்து சேர்ந்தது. கோபேயிலிருந்து ஒசாகா வரை துறைமுகச் சுவர்கள் ஏறக்குறைய எல்லாமே செங்குத்தானவை. அவற்றில் பல கட்டி அரை நூற்றாண்டு கடந்து, பழுது பார்க்கவும் மாற்றிக் கட்டவும் வேண்டிய வயதை எட்டியிருக்கின்றன. அவற்றை மறுபடி செங்குத்தாகவே எழுப்புவதா, சரிவாக்கி ஆழமற்ற நீருக்கு இடம் விடுவதா என்ற முடிவு, எந்தச் சுத்திகரிப்பு நிலையம் எத்தனை மில்லிகிராம் நைட்ரஜனை விடலாம் என்ற விவாதத்துக்குச் சமமாக அந்த மாநில அவைகளில் பேசப்பட வேண்டும். இப்போதைக்கு மில்லிகிராமுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது, சுவர்களுக்கு இன்னும் அப்படி ஓர் அளவு வகுக்கப்படவில்லை.